காப்பகத்து நாயும் கொல்லா அணுவிரதமும்



கொல்லாமை என்னும் பேரறத்தை உலகிற்கு உணர்த்திய அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி இப்பாடத்தைத் தொடங்குகிறோம். கொல்லாமையைப் பற்றி நாம் கேளாத சொற்பொழிவு இல்லை. ஓதாத நாளும் இல்லை. எனினும், தெருமுனையில் சுருண்டு கிடக்கும் ஒரு நாயிடத்து அவ்வறத்தை எங்ஙனம் செலுத்துவது என்று எவரேனும் வினவினால் நம்மில் பலர் விடை கூறத் தயங்குகிறோம். அத்தயக்கம் எமக்கும் இருந்தது. அதனை எமக்கு உணர்த்தியது ஒரு நாய். அதனினும் கூர்மையாக உணர்த்தியது பாடசாலைச் சிறுமி ஒருத்தியின் வினா.

1. நிகழ்ச்சி

மகாவீர் ஜெயந்தியன்று எம் ஊர் ஜினாலயத்தில் பூசை நிறைவுற்றபின், சில குடும்பத்தினர் பிள்ளைகளுடன் நகரின் புறத்தே உள்ள விலங்குக் காப்பகம் ஒன்றிற்குச் சென்றோம். வாயில்லா உயிர்களுக்கு வழங்குவதற்கென லட்டும் பாலும் பிஸ்கட்டும் எடுத்துச் சென்றிருந்தோம்.

அங்கே, கடைசிக் கூண்டின் மூலையில் செந்நிறப் பெண் நாய் ஒன்று சுவரை நோக்கியவாறு அமர்ந்திருந்தது. காப்பகத்தார் அதனைச் ‘செவலை’ என அழைத்தனர். அது வந்து நான்கு நாட்களே ஆகியிருந்தன. முதுகிலும் காதோரங்களிலும் மயிர் உதிர்ந்து தோல் தடித்திருந்தது. விரலிடுக்குகளில் உண்ணிகள் நிறைந்திருந்தன. பிள்ளைகள் லட்டை எறிந்தனர். அது திரும்பியும் பார்க்கவில்லை. அப்போது ஊழியர் அம்மையார் ஒருவர் விரைந்து வந்து, “ஐயா, மன்னித்துக் கொள்ளுங்கள். இனிப்பும் பாலும் இவற்றுக்கு ஆகா” என்று பணிவுடன் தடுத்தார். தானம் செய்ய வந்த எமக்கு அச்சொல் சற்றே சுட்டது என்பதை மறைக்காமல் கூறுகிறோம்.

அதனினும் சுடும் செய்தி ஒன்று பின்னர் வந்தது. செவலை எந்தத் தெருவினின்று பிடித்து வரப்பட்டது என்று வினவினோம். அது நம்மவர் சிலர் வாழும் தெருவே. கோயிலுக்குச் செல்லும் பிள்ளைகளைப் பார்த்துக் குரைக்கிறது என்று நகராட்சிக்கு முறையீடு எழுதியவர்களுள் எம்மோடு வந்திருந்தவர்களும் இருந்தனர்.

அவ்வேளையில்தான் அச்சிறுமி அடுத்த கூண்டிலிருந்த நாயைச் சுட்டிக்காட்டினாள். அதன் காது நுனி சிறிது வெட்டப்பட்டிருந்தது. “உயிர்களின் காதை அறுப்பது, கட்டிவைப்பது, சோறு போடாமல் தடுப்பது எல்லாம் அகிம்சா விரதத்துக்குக் குற்றம் என்று பாடத்தில் படித்தோமே. இங்கே காதையும் வெட்டி, கூண்டிலும் அடைத்து, நாம் கொடுக்கும் உணவையும் வேண்டாம் என்கிறார்களே. இது நல்ல இடமா, கெட்ட இடமா?” என்று கேட்டாள். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினோம். அவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

2. நாய் எத்தகைய உயிர்?

ஜைன ஆகமப்படி நாய் என்பது விலங்குகதியில் தோன்றிய, ஐம்பொறியும் மனமும் உடைய சஞ்ஞி ஜீவன். ஐம்பொறிகள், மனம் சொல் உடல் என்னும் மூவகை ஆற்றல், உயிர்ப்பு, ஆயுள் ஆகிய பத்துப் பிராணங்களும் அதற்கு உண்டு. பிராணங்களின் எண்ணிக்கையில் நமக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. மனமுடைய ஐம்பொறி விலங்கு நற்காட்சி பெறவும், அணுவிரத நிலையாகிய ஐந்தாம் குணஸ்தானம் வரை உயரவும் கூடும் என்பது நம் ஆகமக் கொள்கை. அறத்தால் நாய் தேவனாதலும், பாவத்தால் தேவன் நாயாதலும் உண்டு என்னும் கருத்தை ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வைத்துள்ளார்.

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியும் இவ்வுண்மைக்குச் சான்று. நீர்விளையாட்டிற்கு மக்கள் திரண்டு செல்லும் நாளில், உணவைத் தீண்டியதற்காக அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்த நாயொன்றைச் சீவகன் காண்கிறான். அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து, பின்னாளில் கட்டியங்காரனால் சீவகனுக்குக் கேடு சூழ்ந்தபோது வந்து காக்கின்றது. விழாவிற்குச் சென்றவர் எல்லோரும் அவ்வழியேதான் சென்றனர், நின்றவன் ஒருவனே. இதனை நெஞ்சிற் கொண்டு மேலே செல்வோம்.

3. செவலையின் நோய்கள்

காப்பகத்திற்கு வரும் தெருநாய்க்குப் பெரும்பாலும் ஒரு நோய் மட்டும் இருப்பதில்லை. செவலைக்கு மூன்று இருந்தன.

முதலாவது சொறி. கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்கள் தோலைத் துளைத்து வாழ்வதால் உண்டாவது. ஒரு நாயிடமிருந்து மற்றொன்றிற்குத் தொற்றும். தொட்டவர்க்கும் சில நாள் அரிப்பைத் தரும். அதனாலேயே புதிதாக வரும் நாயைத் தனிக்கூண்டில் வைக்கின்றனர். தனிமைப்படுத்துதல் தண்டனை அன்று.

இரண்டாவது உண்ணிக் காய்ச்சல். நாயின் உடல் வெப்பம் இயல்பாகவே நம்முடையதினும் மிகுதி; ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். செவலைக்கு 104 டிகிரி இருந்தது. உண்ணி கடிக்கும்போது இரத்தத்தில் புகும் கிருமிகளால் ஈறு வெளுக்கும், பசி நீங்கும், மூக்கிலிருந்து குருதி கசிவதும் உண்டு. அதற்குரிய மருந்தை நான்கு வாரங்கள் இடைவிடாது கொடுக்க வேண்டும். காய்ச்சல் இரண்டே நாளில் தணிந்தாலும் மருந்தை நிறுத்தினால் நோய் மீளும்.

மூன்றாவது குடற்புழு. குருதியை உறிஞ்சும் கொக்கிப்புழுவால் நாய் மெலிந்து சோகை அடையும்.

இத்தகைய நாய்க்கு லட்டும் பாலும் ஏன் ஆகா என்பது இப்போது விளங்கும். வளர்ந்த நாய்கள் பலவற்றிற்குப் பால் செரிப்பதில்லை, கழிச்சல் உண்டாகும். நெய்ப்பண்டம் கணையத்தை வீங்கச் செய்யும். சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு. அன்போடு அளித்ததாயினும், அறியாமையோடு அளித்த உணவு துன்பமே தரும். ஞானமே முதலாவது, தயை அதன் பின்னது என்று நம் முன்னோர் கருதியது இதனாலேயே.

இங்கு ஓர் ஐயம் எழும். சொறிச் சிற்றுயிரும் உண்ணியும் புழுவும் உயிர்கள் அல்லவோ? உயிர்களே. புழு ஈரறிவுடையது, உண்ணி மூவறிவுடையது. ஆதலின் முதற்கடமை அவை தோன்றாமற் காத்தல். தரையை ஈரமின்றி வைத்தல், சுவர் வெடிப்புகளை அடைத்தல், கழிவை உடனுக்குடன் அகற்றுதல் ஆகியன மருந்தினும் சிறந்தவை, உயிர்ச்சேதமும் குறைவு. நோய் முற்றியபின் மருந்திடுதல் சங்கற்ப ஹிம்சை ஆகாது. அவற்றைக் கொல்ல வேண்டும் என்னும் வெகுளி அங்கில்லை. காக்க வேண்டும் என்னும் நோக்கமே உள்ளது. எனினும் குற்றம் முற்றும் நீங்கியது என்று கூறோம். இல்லறத்தான் விலக்க இயலாத ஆரம்ப ஹிம்சையுள் அதனை அடக்கி, வருத்தத்துடன் செய்து, மாலையில் பிரதிக்கிரமணத்தில் நினைந்து கழுவுதல் வேண்டும்.

4. நாற்சஞ்ஞைகளும் நாயின் நடத்தையும்

பிறவியில் உழலும் உயிர்களைத் தொடரும் வேட்கைகள் நான்கு என்பர்: ஆகாரம், பயம், மைதுனம், பரிக்கிரகம். காப்பகத்து நாயின் செயல்களை இந்நான்கைக் கொண்டு எளிதில் உணரலாம்.

பய சஞ்ஞை: செவலை சுவரை நோக்கி அமர்ந்தது திமிரால் அன்று; அச்சத்தால். வாலைக் கால்களுக்கிடையில் ஒடுக்குதல், காதுகளைப் பின்னே மடக்குதல், உறக்கமின்றியே கொட்டாவி விடுதல், உதட்டை அடிக்கடி நக்குதல், கண்ணின் வெண்பகுதி தெரியப் பக்கவாட்டில் நோக்குதல், அசையாது உறைந்து நிற்றல் ஆகியன அச்சத்தின் அடையாளங்கள். நாயின் செவி நம் செவியினும் நுண்ணியது. நமக்குக் கேளாத உயர்ந்த ஒலிகளும் அதற்குக் கேட்கும். பல நாய்கள் ஒருங்கே குரைக்கும் கூடத்தில் ஓசை நூறு டெசிபலைக் கடப்பதும் உண்டு. தெருவில் அஞ்சிய நாய்க்கு ஓட வழியுண்டு. கூண்டில் அவ்வழி இல்லை. உறுமல் என்பது ‘இதற்கு மேல் வாராதே’ என்னும் எச்சரிக்கை. உறுமியதற்காக அடித்தால் நாய் அச்சத்தை விடாது, எச்சரிக்கையை விட்டுவிடும். அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

ஆகார சஞ்ஞை: அச்சம் மிகும்போது பசி அடங்கும். முதற் சில நாட்களில் பல நாய்கள் உண்பதில்லை. அல்லது மனிதர் நீங்கிய இரவில் மட்டும் உண்ணும். மூன்று வாரம் கழித்து யாம் மறுபடி சென்றபோது செவலை அந்நிலையில் இருந்தது. உணவை வற்புறுத்தாமல் வைத்துவிட்டு அகலுதலே அங்கு உணவிடும் முறை.

பரிக்கிரக சஞ்ஞை: உண்ணத் தொடங்கியபின் செவலை தன் தட்டை நெருங்குவோரைப் பார்த்து உறுமியது. தெருவில் கிடைத்ததை உடனே விழுங்கி, பிறர் பறிக்காமற் காத்தே அது வாழ்ந்தது. நம் வீட்டுப் பத்திரங்களை நாம் காப்பதினும் அது வேறன்று. ஒவ்வொரு நாய்க்கும் தனித்தட்டு, தனியிடம், மாறாத நேரம் ஆகியவற்றை அமைத்தால் நாளடைவில் அப்பற்று தளரும். நாளையும் கிடைக்கும் என்னும் உறுதி உண்டானால் இன்றையதைப் பற்றிக் கொள்ளும் வேகம் குறையும் என்பது மனிதர்க்கும் பாடம்.

மைதுன சஞ்ஞை: பெண் நாய் ஆண்டிற்குப் பெரும்பாலும் இருமுறை பருவமடையும், கருவுற்று ஏறத்தாழ 63 நாட்களில் ஈனும். தெருவில் பிறக்கும் குட்டிகளுள் பல சக்கரத்திலும் நோயிலும் மடிகின்றன. ஆண் நாய்களின் சண்டைகளும், குட்டியைக் காக்கும் தாயின் கடியும் இச்சஞ்ஞையின் தொடர்ச்சியே. செவலை எம் பிள்ளைகளைப் பார்த்துக் குரைத்த நாட்களில், கோயில் மதிலோரக் குழியில் அதற்கு மூன்று குட்டிகள் இருந்தன என்றும், அவை ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன என்றும் பூக்கடைக்காரர் ஒருவர் பின்னர்க் கூறினார். முறையீடு எழுதியபோது குழியை எட்டிப் பார்த்தவர் எவருமிலர்.

5. ஐந்து குற்றங்களும் காப்பகமும்

இனிச் சிறுமியின் வினாவிற்கு வருவோம். கொல்லா அணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் வகுத்துள்ளார்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். ஹிம்சை எதுவெனின், பிரமாதம் உடைய மன, சொல், உடற்செயலால் பிராணனைப் போக்குதல் என்றும் அந்நூல் இலக்கணம் கூறுகிறது. பிரமாதமாவது கவனமின்மையும் கஷாயமும். எனவே செயலின் புறத்தோற்றத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. அதன் அகத்தை நோக்க வேண்டும்.

உறுப்பறுத்தல்: காது நுனி வெட்டு கருத்தடை செய்யப்பட்டதற்கான அடையாளம். மயக்க மருந்தில் இருக்கும்போதே அது செய்யப்படுகிறது. அவ்வடையாளம் இல்லையேல் அதே நாய் மீண்டும் பிடிக்கப்பட்டு, மீண்டும் வயிறு கிழிக்கப்படும். ஒரு சிறு வெட்டு ஒரு பெருவெட்டைத் தடுக்கிறது. சென்னையில் 1959-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்லுவதற்கு மாற்றாகக் கருத்தடையை 1960-களிலேயே முன்வைத்தது. 1996-இல் சென்னை மாநகராட்சி அம்முறையை ஏற்றது. 2001-இலும், அதன்பின் 2023-இலும் நடுவண் அரசு இதற்கென விதிகள் வெளியிட்டது. ஆயினும் தூய்மையற்ற கருவியால், அரைகுறை மயக்கத்தில், தையல் ஆறுமுன் வெளியே விட்டால் அதே செயல் ஐயமின்றிக் குற்றமாகும். மருத்துவரின் கத்தி ஒன்றே. அதைப் பிடித்த கவனமே அறத்தையும் குற்றத்தையும் பிரிக்கிறது.

கட்டுதல்: நோய் தீரும்வரை கூண்டு மருத்துவம், நோய் தீர்ந்த பின்னும் கூண்டு சிறை. ஒரே இடத்தில் வட்டமிடுதல், சுவரை ஓயாது நக்குதல், தன் காலையே கடித்துப் புண்ணாக்குதல் ஆகியன நெடுநாள் அடைபட்ட நாயிடம் தோன்றும் மனநோயின் குறிகள். நாள்தோறும் சிறிது உலாவவிடாத காப்பகம், எவ்வளவு சோறிட்டாலும், இக்குற்றத்தினின்று நீங்காது.

அடித்தல்: பிரம்பால் அடிப்பது மட்டுமன்று, கழுத்திற் கயிறிட்டுத் தரதரவென்று இழுப்பதும், தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சி விரட்டுவதும் இதனுள் அடங்கும்.

மிகுபாரம்: நாய் சுமை இழுப்பதில்லையே என்பீர். பத்து நாய்க்குரிய இடத்தில் முப்பது நாயை அடைப்பது அவற்றின்மேல் ஏற்றப்படும் பாரம். நூறு நாய்க்கு ஓர் ஊழியர் எனில் அது ஊழியர்மேல் ஏற்றப்படும் பாரம். இவ்விரண்டிற்கும் பொருள் கொடாத நம்மைப் போன்ற சமுதாயத்தாரும் பங்காளிகளே.

உணவு தடுத்தல்: நோயாளிக்குப் பத்தியம் குற்றமன்று. ஆதலின் அவ்வம்மையார் எம்மைத் தடுத்தது குற்றமன்று, மருந்து.

ஆகவே சிறுமிக்கு யாம் கூறிய விடை இது: “குழந்தாய், அந்த இடம் நல்லதா கெட்டதா என்பதை வாயிற்பலகை சொல்லாது. இந்த ஐந்து குற்றங்களையும் கையில் வைத்துக்கொண்டு கூண்டு கூண்டாய்ப் பார். அவை சொல்லும்.”

6. உணவு பற்றிய சங்கடம்

காப்பகத்தில் நாய்களுக்கு இறைச்சியும் சமைக்கப்பட்டது. அங்ஙனமாயின் நாம் பொருளுதவி செய்யலாமா என்று மூத்தோர் கலங்கினர். ஓர் உயிரை ஊட்ட மற்றோர் உயிரைக் கொல்வதற்கு நம் பொருள் பயன்படலாகாது என்பதில் ஐயமில்லை. ஆனால் விலகி நிற்றலும் தீர்வன்று. நாய், மனிதரோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தமையால், ஓநாயினும் மிகுதியாக மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் பெற்றுள்ளது. 2013-இல் வெளியான மரபணு ஆய்வு இதனைக் காட்டியது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் குறைவின்றி அமைத்தால் நாய் மரக்கறி உணவில் நலமுடன் வாழும். பூனைக்கு இது பொருந்தாது. அதற்கு இன்றியமையாத டாரின் என்னும் சத்து புலாலிலேயே இயற்கையாகக் கிடைக்கிறது. வெறுந் தயிர்ச்சோறு மட்டும் நாய்க்கும் போதாது என்பதையும் நினைவிற் கொள்க.

எனவே, கால்நடை மருத்துவர் வகுத்த அளவின்படி அரிசி, பருப்பு, பூசணி, சத்துக்கலவை ஆகியவற்றைச் சேர்த்து, வாரத்தில் இரு நாட்களுக்குரிய உணவை நம் குடும்பங்களே சமைத்தனுப்புவது என முடிவு செய்தோம். பணமாகக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதினும் இது கடினம். அதனாலேயே இது மேல்.

7. வெறிநோயும் இறுதி வினாவும்

வெறிநோய் பற்றிக் கூறாது விடின் இப்பாடம் நேர்மையுடையதாகாது. மக்களுக்கு வரும் வெறிநோயில் ஏறத்தாழ 99 விழுக்காடு நாய்க்கடியால் வருவது. அறிகுறி தோன்றியபின் காக்கும் மருந்து இல்லை. ஆயின் கடிபட்டவுடன் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று, தடுப்பூசிகளை உரிய நாட்களில் தவறாது இட்டுக்கொண்டால் இது தடுக்கக்கூடிய நோய். ஆழ்ந்த கடியாயின் புண்ணைச் சுற்றி இடப்படும் எதிர்ப்புப் புரத மருந்தும் வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு தடவுதல் கேடு. ஒரு பகுதியின் நாய்களுள் 70 விழுக்காட்டிற்குத் தடுப்பூசி இடப்பட்டால் அங்கு நோய்த்தொடர் அறுபடும். பிள்ளைகளைக் காப்பதும் நாய்களைக் காப்பதும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இதுவே சான்று.

வெறிநோய் கண்ட நாய் சில நாட்களில் இறந்துவிடும். 2001-ஆம் ஆண்டு விதிகளே, வெறிநோய் கண்டதாகக் கருதப்படும் நாயைத் தனியே வைத்து இயற்கை மரணம் எய்தவிட வேண்டும் எனக் கூறின. பிற தீராநோய்களுக்கும் கொடுங்காயங்களுக்கும் மருத்துவர் ஊசியிட்டு முடிக்கலாம் என்றும் விதி உண்டு. அங்கே நம் நிலை யாது?

துன்புறும் உயிரைக் கொன்றால் அதன் துன்பம் தீரும் என்னும் எண்ணத்தை ஆசாரியர் அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்யுபாயத்தில் ஐயத்திற்கிடமின்றி மறுத்துள்ளார். உடல் அழிந்தாலும் வினை அழிவதில்லை; எஞ்சிய வேதனீயம் அடுத்த பிறவியில் தொடரும். ஆதலின் அவ்வூசிக்கு நாம் உடன்படுவதில்லை. ஆனால் ‘கொல்லமாட்டோம்’ என்று கூறிவிட்டு அவ்வுயிரைக் கதறவிட்டு வீடு திரும்புவது அறமாகுமா? ஆகாது. வலி தணிக்கும் மருந்தும், இருளும், அமைதியும், நாவை நனைக்க நீரும், அருகிருந்து நமஸ்கார மந்திரம் ஓத ஒருவரும் அதற்கு வேண்டும். வெறிநோய்க் கூண்டினருகில் செல்லுதல் தடுப்பூசி இட்டுக்கொண்ட பயிற்சியாளர்க்கே உரியது; ஏனையோர் தொலைவிலிருந்து ஓதுக. சீவகன் அந்நாயின் உயிரைப் போக்கவுமில்லை, கடந்து போகவுமில்லை. கொல்லாமையை வாயாற் கூறும் உரிமை, உடனிருக்கும் கடமையோடு சேர்ந்தே வருகிறது. இது எமக்கும் எளிதன்று.

8. மீண்டும் தெருவிற்கு

இரண்டாம் முறை யாம் சென்றபோது, இளைஞர் ஒருவர் செவலைக்கு முதுகு காட்டி அமர்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். மனிதக் குரல் துன்பம் தராது என்பதை அது கற்கவே அங்ஙனம் செய்ததாகக் கூறினார். நேருக்கு நேர் கண்ணை நோக்காமலும், குனிந்து தலைக்குமேல் கை நீட்டாமலும், பக்கவாட்டில் அமர்ந்து, நாயே வரட்டும் என்று காத்திருத்தல் முறை. அன்று முதல் நம் பாடசாலைப் பிள்ளைகள் இருவர், பெரியோர் துணையுடன் ஞாயிறுதோறும் அங்கமர்ந்து பாடத்தைப் படித்தனர். ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களும் ஒரே கூண்டின் முன் நிகழக் கண்டோம். அவற்றுள் அபயதானத்திற்குக் காசு செலவில்லை. காலம் மட்டுமே செலவு.

மூன்றாம் திங்களில் செவலைக்கு மயிர் வளர்ந்தது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தன. காது நுனியில் அடையாளமும் ஏறியது. இனி எங்கே அனுப்புவது? 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய ஆணையின்படி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட நாய்கள் பிடித்த இடத்திலேயே விடப்பட வேண்டும். வெறிநோயுடையவையும் அவ்வாறு ஐயுறப்படுபவையும் மூர்க்கமானவையும் விலக்கு. உணவிடுவதற்கு வட்டந்தோறும் தனியிடம் அமைக்கவும் அவ்வாணை கூறிற்று. பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள், விளையாட்டு வளாகங்கள் ஆகியவற்றினின்று அகற்றப்படும் நாய்களைத் திரும்ப அங்கு விடாது காப்பகத்தில் வைக்க வேண்டும் என 2025 நவம்பர் 7 அன்று மற்றோர் ஆணை வந்தது. பல நாய்கள் காப்பகத்திலேயே வாழ்நாளைக் கழிக்கும் நிலை இதனால் எழுந்துள்ளது. காப்பகத்தின் தரம் பற்றி நாம் சிந்திக்க வேண்டிய தேவையும் பெருகியுள்ளது.

செவலை பிடிக்கப்பட்டது தெருவில். ஆகவே அது திரும்ப வேண்டியது நம் தெருவிற்கே. வீட்டார் ஒருவர், “மறுபடியும் குரைத்தால்?” என்றார். அவர் அச்சமும் பய சஞ்ஞையே. அதனை நாம் இகழவில்லை. இரு குடும்பத்தார் மூன்று பொறுப்புகளை எழுதி ஒப்பமிட்டனர்: உணவிடக் குறித்த இடத்தில் மாறாத நேரத்தில் உணவு, எஞ்சியதை உடனே அகற்றல், ஆண்டுதோறும் தடுப்பூசி. முறையீட்டில் ஒப்பமிட்டிருந்தவருள் ஒருவரே முதல் ஒப்பத்தை இட்டார்.

செவலை இன்றும் எவரையும் தொடவிடுவதில்லை, வாலையும் ஆட்டுவதில்லை. பிள்ளைகள் கோயிலுக்குச் செல்லும்போது தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொள்கிறது. அவ்வளவே. ஓர் உயிர் நம்மைக் கண்டு நடுங்காமல் கிடப்பதினும் பெரிய பயன் ஒன்றை அகிம்சைக்கு யாம் அறியோம்.

சிந்தனைக்குரிய வினாக்கள் (பாடசாலை மாணவர்க்கு)

1. நாற்சஞ்ஞைகள் யாவை? உங்கள் தெருநாய் ஒன்றின் செயலில் அவற்றைக் கண்டு எழுதுக.
2. காது நுனி வெட்டு எந்நிலையில் குற்றம் ஆகாது? எந்நிலையில் ஆகும்?
3. நாய் உறுமும்போது அடித்தல் ஏன் தவறு?
4. நாய் கடித்தவுடன் செய்யத் தக்கவை யாவை? செய்யத் தகாதவை யாவை?
5. சீவகன் செய்ததை இக்காலத்தில் நாம் எங்ஙனம் செய்யலாம்? பெற்றோருடன் கலந்து விடை காண்க.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க! அறம் வளர்க!